மாடிக்குச் சம்மதித்தோம், மந்தையைக் கொடுங்கள்

கரிசல்காட்டிலிருந்து வந்து சென்னை அடுக்குமாடிகளில் குடியிருப்போரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பெருநகர சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கட்டுநர்கள். இவர்களோடு எங்கள் அடுக்ககங்களின் குடியிருப்போர் சங்கங்களும். இந்தச் சாசனத்தில் பாதி அவர்களுக்குத்தான்.

நாங்கள் குளத்தூர்க்காரர்கள். சென்னையில் இப்படிச் சொன்னால் "ரெட்டேரிக்குப் பக்கத்திலா?" என்கிறார்கள். அது கொளத்தூர். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர். மிளகாயும் மல்லியும் உளுந்தும் விளைகிற பூமி. மழை ஏமாற்றிய வருஷம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற பூமியும் அதுதான். எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, திருவல்லிக்கேணி மேன்சனில் மூன்று பேராக ஒரு அறையில் கிடந்து, கல்யாணமாகி, வாடகைக்கு அலைந்து, கடைசியில் சிலர் வங்கிக் கடனிலும் சிலர் வாரிய ஒதுக்கீட்டிலும் மாடிக்கு ஏறியவர்கள் நாங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்தது 2026 முதல் 2046 வரைக்கானது. எந்தத் தெருவில் எத்தனை மாடி, எங்கே ரயில், எங்கே ஏரி என்பதையெல்லாம் இருபது வருஷத்துக்கு முடிவு செய்யப்போகிற ஏடு அது. அதில் எங்கள் வாழ்க்கை எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று எழுதுகிறவர்கள், கீழே என்ன இருக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். அடுக்குமாடியே வேண்டாம், ஆளுக்கொரு தோட்டமும் வீடும் கொடு என்று கேட்கிறவர்கள் அல்ல நாங்கள். நெருக்கம் எங்களுக்குப் பழசு. கரிசல் கிராமத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையாளத்து ஊர்களைப்போல் ஆளுக்கொரு வளவில் தள்ளித்தள்ளி வீடு கட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் இடம் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். அதைச் சுற்றித்தான் ஊர் உட்கார முடியும். மிச்ச நிலமெல்லாம் மானாவாரிப் பயிருக்கு. அதனால் வீடுகள் நடுவில் ஒரே குவியலாக, சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் நான்கு வீட்டுக்குத் தெரியும். கடை, கோயில், பள்ளிக்கூடம், ஊருணி எல்லாம் நடந்தே போகிற தூரம். காட்டுக்கும் நடைதான். நகரத் திட்டக்காரர்கள் இன்று 'நெருக்கமான, நடந்து திரியத் தக்க குடியிருப்பு' என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதில் உயரத்தைத் தவிர மற்றதெல்லாம் எங்களிடம் இருந்தது.

அந்த நெருக்கத்தைத் தாங்க வைத்தது மந்தை. ஊர் நடுவில், யார் பட்டாவிலும் இல்லாத வெற்றிடம். முளைப்பாரி வைப்பதும் அங்கேதான், கூத்துக்கட்டுவதும் அங்கேதான். பிள்ளைகள் கிட்டிப்புள் அடிப்பார்கள். கிழவர்கள் சாவடியில் காலை நீட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களை விசாரிப்பார்கள். வீடு ஒற்றைப் பத்தியாக இருந்தாலும் வாழ்க்கை வீட்டுக்குள் அடங்கியதில்லை. பாதி திண்ணையில், பாதி மந்தையில்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லாமல் போனால் எங்களில் பாதிப்பேர் கையெழுத்தை எடுத்துவிடுவார்கள். எல்லாத் தெருவும் எல்லாருக்கும் நடக்கிற தெருவாக இருந்ததில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெருக்கள் எங்கள் பக்கத்தில் இருந்தன. ஊருணிப் படியிலும் டீக்கடை டம்ளரிலும் கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டத்தான் எங்களில் பலர் ரயில் ஏறினார்கள். அவர்களுக்கு எட்டாவது மாடி ஒரு விடுதலை. பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாத இடத்தில்தான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன் என்று ஒருவர் எங்கள் கூட்டத்தில் சொன்னார். ஆகவே ஊரை அப்படியே தூக்கிவந்து இங்கே வை என்று நாங்கள் கேட்கவில்லை. மந்தையைக் கேட்கிறோம், அதைச் சுற்றி இருந்த கோட்டை அல்ல.

இனி கோரிக்கைகள்.

தரை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, உயர்மாடிக்கு 3.25. கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால், அதன்மேல் சாதாரணமாக 4,800 சதுர அடி கட்டலாம், உயரே போனால் 7,800. உயரம் என்பது கட்டுநருக்கு அரசு கொடுக்கிற சலுகை. அந்தக் கூடுதல் 3,000 சதுர அடியில் குடிவருகிற ஜனங்கள் எங்கே உட்காருவார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று மட்டும் அதே கறாரோடு யாரும் கணக்குப் போடவில்லை.

தரைத்தளத்தைப் பாருங்கள். தூண்கள், தூண்களுக்கு நடுவில் கார்கள். கார் இல்லாத வீட்டுக்காரன் தன் சொந்தக் கட்டடத்தின் தரையில் நிற்கவே வாட்ச்மேன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே தூண்களும் இதே வெற்றுத் தரைத்தளமும் சிங்கப்பூரிலும் உண்டு. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கியது. இன்று அந்நாட்டுக் குடிமக்களில் பெரும்பாலோர், அங்குள்ள தமிழர்கள் உட்பட, அதன் மாடிகளில்தான் வாழ்கிறார்கள். எழுபதுகளிலிருந்து அவர்கள் அடுக்குகளின் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டுக் கட்டினார்கள். அதை அங்குள்ள தமிழர்கள் வெற்றுத்தளம் என்கிறார்கள். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு அங்கே நடக்கும். சீனர் வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டியை அங்கே வைத்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள். வயசானவர்கள் சதுரங்க மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊரின் கெடுபிடிகள் பற்றி எங்களுக்கும் தெரியும்; ஆனால் மந்தையை மாடிக்கு அடியில் வைக்கலாம் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான்.

நாங்கள் கேட்பது: உயர்மாடி அனுமதி பெறுகிற ஒவ்வொரு குடியிருப்பிலும் தரைத்தளத்தில் ஒரு பகுதி, வண்டி நுழைய முடியாதபடி, பொதுவிடமாக விடப்பட வேண்டும். எத்தனை வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்பதை விதியில் எண்ணாகவே எழுதுங்கள். எண் இல்லாத விதி எங்கள் ஊர்க் கண்மாய் மடை மாதிரி. அவனவன் வசதிக்குத் திறந்துகொள்வான்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிட்டுப் போகலாம். அந்தப் பணத்தில் வேறெங்கோ பூங்கா வரலாம். எங்கள் தெருவில் வராது. பணம் கட்டித் தப்பிக்கிற வழியை அடைக்க வேண்டும்.

லிஃப்ட்

எங்களில் ஒருவருடைய தாயார் குளத்தூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தார். ஏழாவது மாடி. முதல் வாரம் ஜன்னல் பக்கமே போகவில்லை. "அந்தரத்துல தொங்கவிட்ட மாதிரி இருக்குய்யா" என்றார். இரண்டாவது வாரம் லிஃப்டில் தனியாக இறங்கப் பழகி, கீழே கீரைக்காரம்மாவோடு சிநேகமாகி, மதினி முறை வைத்துக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார். மூன்றாவது வாரம் லிஃப்ட் பழுது. பாகம் வரவேண்டும் என்றார்கள். பதினொரு நாள் வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் அவர் கீழே இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஊருக்கு ரயில் ஏறியவர் அப்புறம் வரவே இல்லை.

ஏழாவது மாடிக்காரனுக்கு லிஃப்ட்தான் தெரு. ஆனால் மின்கட்டணத்தில் அது சொகுசு. 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தி, யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2023-இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். யாருக்கு? பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கிற கட்டடங்களுக்கு. லிஃப்ட் இருந்தால் சலுகை இல்லை. உயரமாகக் கட்டு என்று தளப்பரப்பில் ஊக்கம் கொடுக்கிற அதே அரசு, உயரத்துக்கு ஏறுகிற கயிற்றுக்கு அதிக விலை வைக்கிறது.

பொது விளக்கு, குடிநீர் மோட்டார், லிஃப்ட் இந்த மூன்றுக்கும் குறைந்த கட்டணம் வேண்டும். சிறிய வீடுகள் கொண்ட அடுக்ககங்களுக்கும் வாரியக் குடியிருப்புகளுக்கும் முதலில். நான்கு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு இருக்க வேண்டும்; ஒன்று படுத்தால் இன்னொன்று ஓட வேண்டும். பழுது சரிசெய்யக் கெடு நாள் வைத்து, தாண்டினால் பராமரிப்பு நிறுவனத்துக்குத் தண்டம் போட வேண்டும். வாரியக் குடியிருப்புகளில் இந்தப் பொறுப்பு வாரியத்தினுடையது. ஜனங்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவக் கூடாது.

லிஃப்டில் இன்னொரு சங்கதி. சில குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கும் சாப்பாடு கொண்டுவருகிற பையன்களுக்கும் 'அவர்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். சாமான் ஏற்றத் தனி லிஃப்ட் இருக்கட்டும், குற்றமில்லை. மனுஷரைச் சாமானோடு சேர்க்கிறதைத்தான் சொல்கிறோம். இரட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தின் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சங்கங்களில் ஒட்டியிருந்தால் நாங்களே கிழிப்போம். மற்ற இடங்களில் அதைக் குற்றமாக்க அரசு விதி செய்ய வேண்டும்.

சாவு

இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அடுக்குமாடி விளம்பரத்தில் நீச்சல்குளம் இருக்கும், உடற்பயிற்சிக்கூடம் இருக்கும், ஆனால் அங்கே யாரும் சாவதில்லை.

எங்களில் ஒருவர் தன் தகப்பனாரை இழந்தபோது லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. ஐந்தாவது மாடியிலிருந்து மாடிப்படி வழியே இறக்கினால் திருப்பத்துக்குத் திருப்பம் சாய்க்க வேண்டும். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, உயிரோடு இருப்பவரைப்போல லிஃப்டில் கொண்டுவந்தார்கள். கீழே வந்ததும் கிடத்த இடமில்லை. இரண்டு காரை நகர்த்தச் சொல்லிக் கெஞ்சி, ஒரு கார்க்காரர் வெளியூரில் இருந்ததால் அதையும் செய்ய முடியாமல், ஐஸ் பெட்டியைக் குப்பைத்தொட்டி வைக்கிற மூலையில் வைத்தார்கள். நீர்மாலை எடுக்க, கொட்டு அடிக்க, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடிக்க இடமுமில்லை, அனுமதியுமில்லை. "சீக்கிரம் எடுத்திடுங்க சார், பிள்ளைங்க பயப்படுறாங்க" என்றார்கள். கோபப்பட முடியவில்லை, பிள்ளைகள் நிஜமாகவே பயந்துதான் இருந்தார்கள். சாவைப் பார்க்காமலே வளர்கிற பிள்ளைகள்.

எங்கள் இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கடைசிக் காலத்தைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அரசுக் குடியிருப்பில் கழித்தார். 2021 மே 17-இல் அவர் இறந்தபோது உடல் இடைசெவலுக்கு வந்தது. அரசு மரியாதையோடு சொந்த மண்ணில் இறுதிச்சடங்கு நடந்தது. அந்த வசதி எல்லாருக்கும் வாய்க்காது. அறுநூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இங்கேயே சாக வேண்டியவர்கள். அவர்களுக்கும் ஒரு பகலாவது தரையில் கிடக்க உரிமை வேண்டும்.

எனவே: ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையும் அளவுக்கு ஒரு லிஃப்டாவது எல்லா உயர்மாடிக் குடியிருப்பிலும் கட்டாயமாக வேண்டும். நோயாளியை ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோகவும் அதுதான் வழி. மேலே கேட்ட தரைத்தளப் பொதுவிடத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கட்டணமின்றி இடம் கொடுக்கச் சங்கங்களின் உபவிதியில் எழுத வேண்டும்.

நடை

சென்னையில் ஒரு வேடிக்கை. உயரம் ஓரிடத்தில் இருக்கிறது, நடை வேறிடத்தில் இருக்கிறது.

திருவல்லிக்கேணியில் மூன்று நான்கு மாடிதான். ஆனால் மேன்சனை விட்டு இறங்கினால் மெஸ், சலவைக்கடை, முடிவெட்டுகிற கடை, பழைய புத்தகக்கடை, பார்த்தசாரதி கோயில், வாலாஜா பள்ளிவாசல், கொஞ்சம் எட்டி நடந்தால் கடற்கரை. வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் பஸ்ஸுக்குக் காசில்லாத நாளிலும் எங்களுக்கு ஊர் முழுக்க வாழ்க்கை இருந்தது. பழைய மாமல்லபுரம் சாலைக்கு வாருங்கள். இருபது மாடி, இருபத்தைந்து மாடி. ஆனால் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்க வண்டியை எடுக்க வேண்டும், அல்லது செல்போனில் கட்டளை போட வேண்டும். கட்டடத்தைச் சுற்றி ஆளுயர மதில்; மதிலுக்கு வெளியே நடைபாதை இல்லை; நடைபாதை இருக்குமிடத்தில் மின்பெட்டி; மின்பெட்டி இல்லாத இடத்தில் பைக். உயரமாகக் கட்டினால் நடக்கிற ஊர் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் இந்தச் சாலையில் ஒருநாள் மத்தியானம் கைக்குழந்தையோடு அரை மைல் நடந்து பார்க்கட்டும்.

சட்டமும் கொள்கையும் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. ஆறடி. எதிரெதிரே வருகிற இரண்டு பேர் தோள் உரசாமல் போக அது போதும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. குடும்பத்தோடு போய் நடந்துவிட்டு, சர்பத் குடித்துவிட்டு வந்தோம். ஆனால் நடக்கிற சுகத்தை அனுபவிக்க முதலில் அங்கே வண்டியில் போக வேண்டியிருந்தது!

கடைவீதிக்குச் செய்ததைக் குடியிருப்புத் தெருவுக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு மெட்ரோ, மின்ரயில் நிலையத்திலிருந்தும் அரைக் கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் எல்லாத் தெருவிலும் ஆறடி நடைபாதை வேண்டும். அதற்குள் மின்பெட்டியோ போலீஸ் பூத்தோ கட்சிக் கொடிக்கம்பமோ கூடாது. 60 சதவீதம் என்று எழுதியிருக்கிறதே, அதில் எவ்வளவு எந்தத் தெருவில் செலவானது என்று ஆண்டுதோறும் வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

மதிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலையைப் பார்த்த பக்கத்தில் உயர்மாடிக் குடியிருப்புகள் கடைகளோடு கட்டப்பட வேண்டும்; மளிகை, மருந்து, பெட்டிக்கடை. இரவு பத்து மணிக்குப் பெட்டிக்கடை விளக்கு எரிகிற தெருவில் பெண்கள் நடந்து வருவார்கள். நீளமான மதில் பக்கம் வரமாட்டார்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டம் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கீரைக்காரம்மாவை வாசலிலிருந்து விரட்டுகிற சங்கத் தீர்மானங்களை நாங்கள் ஏற்க மாட்டோம்.

தூரத்தில் கொண்டுபோய் அடுக்காதீர்கள்

குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது கூலிக்குப் போன தூரம் மாறவில்லை. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கத்தில் ஏற்றினார்கள். தரையோடு சேர்த்து எட்டு அடுக்கு, சுமார் 400 சதுர அடி வீடுகள், இருபதாயிரத்துக்கு மேல். கரிசல்காட்டிலிருந்து வந்து ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த எங்கள் உறவுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

நெருக்கம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, வேலை மட்டும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். சேத்துப்பட்டிலும் நுங்கம்பாக்கத்திலும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, நடந்தே வீடு திரும்பிப் பிள்ளைக்குச் சோறு போட்ட பெண், இப்போது இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு வீடுதான் செய்ய முடிகிறது. வாரியத்தின் பெயரை 2021-இல் 'வாழ்விட மேம்பாடு' என்று மாற்றினார்கள். வாழ்விடம் என்பதில் வேலைக்கு நடக்கிற தூரமும் சேர்த்தி.

இடமாற்றம் கூடாது, இருந்த இடத்திலேயே, நகரத்துக்கு உள்ளேயே கட்டிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே குடியேற்றிய இடங்களில் பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை, விடிகாலைப் பேருந்து, வேலை. இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

வாடகை கேட்கும்போது

"நீங்க எந்த ஆளுங்க?" "கறி சாப்பிடுவீங்களா?" "குடும்பமா, பேச்சுலரா?" "முஸ்லிம்களுக்குக் கொடுக்கிறதில்ல, தப்பா நினைக்காதீங்க." வாடகைக்கு வீடு மறுக்க இவை காரணமாகக் கூடாது என்று சட்டம் வேண்டும். தரகர்களுக்கும் சேர்த்து.

கட்டியவர்கள்

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை ஊரே கைப்பேசியில் படமெடுத்தது. எங்கள் பக்கத்திலிருந்தும் சித்தாள் வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு உயர்மாடிக் கட்டடத்தின் வாசலிலும் அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர், கட்டமைப்புப் பொறியாளர், அனுமதி கொடுத்த அதிகாரி பெயரைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டும். திறப்புவிழாவுக்கு வந்தவர் பெயர் வேண்டாம்.

எங்கள் ஊருக்கு வரும்போது

உயரம் சென்னையோடு நிற்காது. தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தத்தில் மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். ஆட்கள் வருவார்கள், வாடகை ஏறும், அடுக்குமாடி விளம்பரப் பலகை குளத்தூர்ச் சாலையிலும் ஒருநாள் நிற்கும். அதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம்.

கரிசல் சாதாரண மண் அல்ல. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவர்கள் மூலைக்கு மூலை விரிசல் விடுவது அதனால்தான். எங்கள் தாத்தாக்கள் சுக்கான் தட்டும்வரை வானம் தோண்டித்தான் கடைக்கால் போட்டார்கள். இதற்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் முறையை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கையைக் குடிவருகிறவர்கள் பார்க்கத் தமிழில் வைக்காமல் எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கூடாது.

கட்டுவதானால் ஊருக்குள் கட்டுங்கள். கோவில்பட்டியில் ரயிலடி, செண்பகவல்லியம்மன் கோயில், கடைவீதி எல்லாம் இன்னும் நடை தூரத்தில் இருக்கின்றன. அதைக் கலைத்து, நான்குவழிச் சாலை ஓரத்தில் பொட்டல் வெளியில் பத்து மாடியை நட்டுவைத்து அதற்கு நகர் என்று பெயர் வைக்காதீர்கள். நான்கு மாடி போதும். பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் நடக்க முடிய வேண்டும். கண்மாயையும் ஓடையையும் மனையாக்கக் கூடாது. தண்ணீருக்கு வழி காட்டாமல் நிறைவுச் சான்று தரக் கூடாது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்கு இரவில் விழித்திருந்தபோது, குடத்தோடு நடந்த எங்கள் ஆத்தாக்களை நினைத்துக்கொண்டோம். அவர்களாவது சமதரையில் நடந்தார்கள்.

மந்தைகளைப் பட்டா போடாதீர்கள். வந்து சேரப்போகிற மாடிகளுக்கு அவைதான் கீழே இருக்கும் தரை.

மொட்டைமாடிச் சாவி

கடைசியாக ஒன்று, சின்னது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் அடுக்ககங்களில் பலவற்றில் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. பாதுகாப்பு என்கிறார்கள், தண்ணீர்த்தொட்டி என்கிறார்கள், யாரோ தகராறு செய்தார்கள் என்கிறார்கள். சாவி செயலாளரிடம், செயலாளர் அலுவலகத்தில். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் பொது மொட்டைமாடியைக் குடியிருப்போர் எல்லாருக்கும் உரிய பொதுப்பகுதியாகவே சேர்த்திருக்கிறது. இருட்டும்வரை அது திறந்திருக்க வேண்டும். ஆளுயரத்துக்குக் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொள்ளுங்கள், அதற்குப் பங்கு தருகிறோம்.

தை பிறந்தால் குளத்தூர்க் களங்களில் மிளகாய்ப்பழம் காயத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து சாக்கு வந்து சேர மாசி ஆகும். கூழ்வத்தலும் அப்போதுதான் பிழிய வேண்டும். அதற்கு முன்பு சாவி வேண்டும்.